இறங்கும் முன்பே அடுத்த குரூஸ்: கப்பலிலேயே புக் செய்ய ஒரு வழிகாட்டி

பெரிய குரூஸ் கப்பல், அதாவது உல்லாசப் பயணக் கப்பல், எதை எடுத்தாலும், கடைகளும் காபி பாரும் இருக்கிற நடு டெக்கில் (தளத்தில்), அடுத்த பயணத்தை விற்பதற்கென்றே ஒரு மேசை போட்டிருப்பார்கள். ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களில் அதற்கு ‘நெக்ஸ்ட்குரூஸ்’ என்று பெயர். நார்வீஜியனில் ‘குரூஸ்நெக்ஸ்ட்’. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா கப்பல்களில் ‘ஃபியூச்சர் குரூஸ்’ என்பார்கள். முதல் முறை கப்பல் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி நாள் சாயங்காலம்தான் இதைக் கவனிக்கிறார்கள். பயணம் முடிகிறதே என்ற ஏக்கத்தோடு வரிசையில் நின்று, கால் மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊருக்கு வந்த பிறகு எதற்குப் பணம் கட்டினோம் என்று தாளைப் புரட்டிப் பார்க்கிறார்கள். கொஞ்சம் தயாராகப் போனால் இந்த மேசையால் உண்மையான ஆதாயம் உண்டு.

ஆதாயம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். டிக்கெட் விலை அங்கே குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் அன்றைக்கு இணையதளத்தில் உள்ள அதே விலைதான். டிஸ்னி மட்டும் இதில் தனி ரகம்: கப்பலில் பதிவு செய்தால் கட்டணத்திலேயே 10 சதவீதம் தள்ளுபடி என்பது அவர்களுடைய நீண்ட காலப் பழக்கம், சில தேதிகள் நீங்கலாக. மற்ற நிறுவனங்களில் கிடைப்பவை வேறு. முன்பணம் குறைவாகக் கட்டினால் போதும். அடுத்த பயணத்தில் கப்பலுக்குள் செலவழிக்க ‘ஆன்போர்டு கிரெடிட்’ என்று ஒரு தொகை வரவு வைப்பார்கள். இன்னொன்றை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை: நீங்கள் கப்பலுக்குள்ளேயே இருக்கிறீர்கள், அடுத்த முறை எந்த கேபின் வேண்டும் என்பதை நடந்து போய்ப் பார்த்து முடிவு செய்யலாம்.

மேசையில் இருப்பது இரண்டு சரக்கு

குழப்பம் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த மேசையில் இரண்டு வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். இரண்டையும் ‘டெபாசிட்’ என்றே சொல்வதால் புதியவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஒன்று, தேதி குறிக்காத டெபாசிட். கப்பல், ஊர், நாள் எதுவும் முடிவு செய்யாமல், ‘பின்னால் வருவேன்’ என்று ஒரு தொகையைக் கட்டி வைப்பது. பிரின்சஸில் இது ஆளுக்கு 100 டாலர், இரண்டு வருடம் செல்லும் என்ற கணக்கில் ஓடிவந்திருக்கிறது. டிஸ்னியில் கேபினுக்கு 250 டாலர், 24 மாதம். நார்வீஜியனில் 250 டாலர் சான்றிதழாக விற்பார்கள், செல்லும் காலம் இன்னும் நீளம். தொகையும் காலமும் அவ்வப்போது மாறும், ஆகவே நீங்கள் இருக்கும் கப்பலில் இன்றைய விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, முழுப் புக்கிங். எந்தக் கப்பல், எந்தத் தேதி, எந்த கேபின் எண் என்று முடிவாகி, அன்றைய விலை உங்கள் பெயரில் பதிவாகி, புக்கிங் நம்பரோடு தாள் கையில் வரும்.

எங்கே போகலாம், எப்போது லீவு கிடைக்கும் என்று தெரியாத குடும்பத்துக்கு முதலாவதுதான் சரி. ஆனால் வாங்கும் முன் நான்கு கேள்வி கேட்க வேண்டும். பயன்படுத்தாமல் போனால் பணம் திரும்பி வருமா, கேட்டால்தான் வருமா, தானாக வருமா? இரண்டு வருடம் என்பது அதற்குள் புக் செய்யவா, அதற்குள் கப்பலே ஏறிவிடவா? எந்தத் தேதிகளுக்கும், எந்தச் சலுகை விலைக்கும் இது செல்லாது? ஏற்கெனவே வீட்டிலிருந்து போட்டு வைத்த புக்கிங்கில் இதைச் சேர்க்க முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ‘முடியாது’ என்றே பதில் வரும். அந்தப் பதிலை மேசையிலேயே கேட்டுக்கொள்வது, பிறகு தொலைபேசியில் வாதாடுவதைவிட நல்லது.

டெபாசிட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பயணம் செய்ய வேண்டும் என்பது இன்னொரு வழக்கமான விதி. கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று வாங்கிவிட்டு, அடுத்த முறை இருவரும் ஒரே கேபினில் போகும்போது இரண்டில் ஒன்றின் கிரெடிட்தான் கணக்கில் ஏறும் என்ற நிலையும் சில இடங்களில் உண்டு. கிரெடிட் ஆளுக்கா, கேபினுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள்.

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

அடுத்ததாக எங்கே போக ஆசை என்பதை இரண்டு மூன்று பயணங்களாகச் சுருக்கி ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கப்பலின் பெயர், கிளம்பும் தேதி, கேபின் வகை, இருவருக்கான மொத்த விலை, வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்த்து. இணையதளத்தில் அதே பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் சேமித்து வையுங்கள். கடலில் இன்டர்நெட் காசு கொடுத்து வாங்க வேண்டியது, வேகமும் நம்ப முடியாது. கையில் பழைய விலை இல்லாமல் மேசைக்குப் போனால், காட்டுகிற விலை நல்ல விலையா என்று சொல்ல உங்களிடம் அளவுகோல் இருக்காது.

குரூஸ் நிறுவனங்கள் பயணத் தேதிகளை ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு வருடம் முன்பே வெளியிடுகின்றன. பள்ளி விடுமுறையை நம்பி இருப்பவர்களுக்கு இது முக்கியம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மே மாதம், சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஜூனும் டிசம்பரும். இந்த மாதங்களில் நான்கு பேர் படுக்கும் கேபின்கள்தான் முதலில் தீரும். உயிர்காக்கும் படகுகளின் கணக்கை வைத்து, மூன்றாவது, நான்காவது ஆளை ஏற்றுவதற்கு ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வரம்பு உண்டு. கேபின் காலியாக இருந்தாலும் அந்த வரம்பு நிரம்பிவிட்டால் கணினி நான்காவது பெயரை ஏற்காது. குடும்பமாகப் போகிறவர்களுக்குக் கப்பலிலேயே சீக்கிரம் புக் செய்வது பலன் தருவதற்கு இது ஒரு நிஜமான காரணம்.

கிரெடிட் கார்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்திய வங்கிகள் புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டில் மட்டும் வேலை செய்யும்படிதான் வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே செயலியில் திறந்துவிட வேண்டும். இதை ஊரிலேயே செய்யுங்கள். நடுக்கடலில் ஓ.டி.பி. வந்து சேரும் என்று நம்பி எதையும் தள்ளிப்போட வேண்டாம். பல கப்பல்களில் டெபாசிட் தொகையை உங்கள் கேபின் கணக்கிலேயே ஏற்றிவிடுவார்கள். அப்படியானால் கார்டு தேய்க்கும் தொல்லையே இல்லை. இந்திய கார்டில் டாலர் செலவுக்கு வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை மார்க்கப் (கூடுதல் கட்டணம்) போட்டு, அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

எப்போது மேசைக்குப் போவது

துறைமுகத்தில் கப்பல் நிற்கிற நாள்களில் மேசை பகலில் மூடியிருக்கலாம், அல்லது சாயங்காலம் மட்டும் திறக்கும். கடல் நாள்களில் முழு நேரமும் இருப்பார்கள், கூட்டமும் அன்றுதான். ஏழு இரவுப் பயணம் என்றால் இரண்டாவது அல்லது மூன்றாவது நாளே போய், அரை மணி நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் மரினா பே குரூஸ் சென்டரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று போகும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள்தான் தமிழ்நாட்டிலிருந்து போகும் பலருக்கு முதல் குரூஸ். அதில் முழுக் கடல் நாள் என்று கிடைப்பதே பெரும்பாலும் ஒன்று. நான்கு இரவுப் பயணத்தில் அது திரும்பி வரும் கடைசி நாளாகவே அமையும். எல்லோரும் அன்றைக்குத்தான் வருவார்கள். ஆகவே ஏறிய முதல் நாள் சாயங்காலமே, பாதுகாப்பு ஒத்திகை முடிந்த கையோடு, மேசைக்குப் போய் நேரம் குறித்துவிடுங்கள். அன்று அங்கே ஈ, காக்கை இருக்காது. பணியாளரும் பொறுமையாகப் பதில் சொல்வார்.

கடைசி நாளைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. முதலில் ஒரு முறை விலை கேட்டுவிட்டு, ஒரு ராத்திரி யோசித்து, மறுநாள் போய்க் கட்ட உங்களுக்கு இடம் வேண்டும். அச்சிட்ட விலைத் தாளைக் கொடுத்து அனுப்புவார்கள், கட்டாயம் எதுவும் இல்லை. புக் செய்த பிறகு தப்பு தெரிந்தால் கப்பலை விட்டு இறங்குவதற்குள் அதே மேசையில் திருத்துவதுதான் எளிது. அதற்கும் நாள் வேண்டும்.

கேபினை நடந்து பார்த்து எடுப்பது

அடுத்த பயணம் இதே கப்பலில், அல்லது இதன் உடன்பிறப்புக் கப்பலில் என்றால் இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். உதாரணமாக ராயல் கரீபியனின் குவான்டம், ஆந்தம், ஓவேஷன் மூன்றும் ஒரே வார்ப்பு. வாயேஜர், எக்ஸ்ப்ளோரர், அட்வென்சர், நேவிகேட்டர், மரினர் ஐந்தும் இன்னொரு வார்ப்பு. ஒரு கப்பலில் பார்த்த அமைப்பு மற்றதிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வாயேஜர் வகையில் உள்பக்க கேபின்கள் சிலவற்றுக்குக் கப்பலின் நடுவீதியைப் பார்த்த ஜன்னல் உண்டு. குவான்டம் வகையில் உள்பக்க கேபின்களில், வெளிக் கடலை நேரலையில் காட்டும் பெரிய திரை உண்டு. எது பிடிக்கும் என்பதைப் படத்தில் பார்த்து முடிவு செய்ய முடியாது.

டெக் பிளானை, அதாவது ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை, வரவேற்பு மேசையில் கேட்டு வாங்குங்கள், அல்லது செயலியில் திறங்கள். நீங்கள் நினைத்திருக்கும் கேபினின் நேர் மேலே என்ன இருக்கிறது, நேர் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குள டெக் என்றால், விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளைத் தரையோடு இழுத்து அடுக்கும் ‘கர்ர்’ சத்தம் தலைக்கு மேலே கேட்கும். மேலே பஃபே என்றால் தள்ளுவண்டிச் சக்கரங்கள். கீழே தியேட்டரோ பாட்டுக் கச்சேரி பாரோ இருந்தால் ராத்திரி பன்னிரண்டு வரை பாட்டின் தாழ்ந்த ஒலி தரையில் அதிரும். மேலும் கீழும் கேபின்களே இருக்கும் இடம்தான் நிம்மதி. காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு பதினொரு மணிக்கு ஒரு தடவை அந்த நடைபாதையில் போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள். காது சொல்லிவிடும்.

வாந்தி, தலைசுற்றல் பயம் உள்ளவர்களுக்கு நீளவாக்கில் நடுப்பகுதியும், உயரத்தில் கீழ் டெக்கும் நல்லது. சீசாப் பலகையில் நடுவில் உட்கார்ந்தவன் குறைவாக ஆடுவது போலத்தான். மூக்குப் பகுதியில் மேல் டெக்கில் எடுத்துவிட்டு மாத்திரை தேட வேண்டாம்.

அடுத்த கேபினுக்குள் திறக்கும் இணைப்புக் கதவு உள்ள கேபின், தாத்தா பாட்டியோடு போகும் குடும்பத்துக்கு வரம். தனியாகப் போகும் தம்பதிக்கு அதே கதவின் வழியே பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்கும். டெக் பிளானில் இரண்டு கேபின்களுக்கு இடையே சிறு அம்புக்குறியோ முக்கோணமோ இருந்தால் அதுதான் இணைப்புக் கதவு. ‘பார்வை மறைக்கப்பட்டது’ என்று விலை குறைத்து விற்கும் கேபின்களில், ஜன்னலுக்கு வெளியே உயிர்காக்கும் படகு தொங்கும். அந்தப் படகு பாதி ஜன்னலை மறைக்கிறதா, முழுசையும் மறைக்கிறதா என்பதை வெளி நடைபாதை டெக்கிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும். சில எண்களில் படகின் உச்சி மட்டுமே தெரியும், கடல் முழுசாகக் கிடைக்கும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘கேரன்டி’ என்ற வகையில் புக் செய்தால் கேபின் எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும். விலை குறைவு. ஆனால் இவ்வளவு நடந்து பார்த்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

மேசையில் உட்கார்ந்ததும்

பாஸ்போர்ட்டை, குறைந்தது அதன் படத்தையாவது, கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்குப் பெயரில்தான் முதல் சிக்கல். நம்மில் நிறையப் பேருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. கிவன் நேம் கட்டத்தில் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கும். கப்பல் நிறுவனத்தின் படிவம் சர்நேம் இல்லாமல் நகராது. பணியாளர் அவசரத்தில் இனிஷியல் ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். இந்தப் பயணத்தில் ஒரு விதமாகவும் அடுத்த பயணத்தில் வேறு விதமாகவும் பெயர் பதிவானால் இரண்டு வெவ்வேறு ஆளாகக் கணக்கு ஓடும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு நிறுவனம் தரும் விசுவாசத் திட்டப் புள்ளிகள் சேராது, கட்டி வைத்த டெபாசிட் பெயரோடு பொருந்தாது. இப்போதைய கப்பல் அட்டையில் பெயர் எப்படி இருந்து சோதனைகளைத் தாண்டியதோ, அதே எழுத்துகளில் பதியச் சொல்லுங்கள். அமெரிக்கா போகும் பயணம் என்றால் கூடுதல் கவனம்: சர்நேம் காலியாக உள்ள இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் உங்கள் முழுப் பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய், கிவன் நேம் இடத்தில் எஃப்.என்.யூ. (‘ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்’, முதல் பெயர் தெரியாது) என்ற மூன்றெழுத்து உட்கார்ந்திருக்கும். புக்கிங்கில் எதைப் போடுவது என்பதை அப்போதே கேட்டு, விமான டிக்கெட்டிலும் ஒத்துப்போகும்படி செய்யுங்கள்.

அடுத்தது டெபாசிட் வகை. ரீஃபண்டபிள் (திரும்ப வருவது), நான்-ரீஃபண்டபிள் (திரும்ப வராதது) என்று இரண்டு விலை காட்டுவார்கள். திரும்ப வராத டெபாசிட்டில் கட்டணம் குறைவாக இருப்பதால் திரையில் அதுதான் முதலில் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழு இரவு, இரண்டு பேர், டெபாசிட் ஆளுக்கு 250 டாலர். திரும்ப வராத வகையில் கட்டணம் ஆளுக்கு 75 டாலர் குறைவு என்று வைத்துக்கொள்வோம். கேபினுக்கு 150 டாலர் மிச்சம். தேதியையோ கப்பலையோ ஒரு முறை மாற்ற ஆளுக்கு 100 டாலர் பிடித்தால் 200 டாலர் போச்சு, அதாவது 50 டாலர் நஷ்டம். பயணத்தையே ரத்து செய்தால் 500 டாலரும் போய்விடும். சில நிறுவனங்கள் மாற்றுக் கட்டணம் போக மீதியை அடுத்த பயணத்துக்கான வரவாகத் தரும், பணமாகத் தராது.

விசா வாங்கித்தான் போக வேண்டிய பயணம் என்றால், எங்கள் கருத்தில், திரும்ப வரும் டெபாசிட்டைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. விசா மறுக்கப்பட்டது என்பதற்காகக் கப்பல் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தராது. வழக்கமான ரத்து விதிதான் பொருந்தும். ஒன்றரை வருடத்துக்குப் பிந்தைய பயணத்தில் வேறு மாற்றங்களும் வரலாம். 24 வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், பெருங்கடல் தாண்டும் நீண்ட பயணமானால் ஒரு வயது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் இதையும் நினைத்துக்கொண்டு கையெழுத்திடுவது நல்லது.

நீங்கள் எந்த நாட்டில் வசிப்பவர் என்று கேட்பார்கள். விலாசத்துக்காக மட்டும் கேட்பதில்லை. எந்த நாணயத்தில் விலை, எந்தச் சலுகை பொருந்தும், எத்தனை நாள் முன்பு முழுப் பணமும் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். மேசைக்கு மேலே பலகையில் எழுதியிருக்கும் கிரெடிட் தொகை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டுமானதாக இருக்கலாம். ‘எனக்கு எவ்வளவு’ என்று கேளுங்கள்.

பிறகு ஏஜென்ட். இந்தப் பயணத்தை ஒரு ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால், அடுத்த புக்கிங்கும் பெரும்பாலும் அதே ஏஜென்ட் பெயரில்தான் விழும். அவர் நல்லவர் என்றால் மகிழ்ச்சி. அவர் தன் பங்குக்குக் கூடுதல் கிரெடிட்கூடத் தருவார். வேண்டாம் என்றால் கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள், ஏனெனில் ஏஜென்ட் பெயரில் இருக்கும் புக்கிங்கை நீங்கள் நேரடியாகத் திருத்த முடியாது. எல்லா மாற்றமும் அவர் மூலமாகத்தான். நேரடியாகப் புக் செய்துவிட்டு ஊரில் உள்ள ஏஜென்டிடம் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு, அதற்குப் பல நிறுவனங்களில் 30 அல்லது 60 நாள் கெடு. கெடு எத்தனை நாள் என்று தாளில் எழுதி வாங்குங்கள். இந்திய ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு வாங்கினால் டி.சி.எஸ். வரி (விற்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், கையிலிருந்து முதலில் போகிற காசு அது.

தாளை வரி வரியாகப் படிக்க

மேசையிலிருந்து எழும் முன் ஒப்புதல் தாளை அங்கேயே படியுங்கள். கப்பலின் பெயர், கிளம்பும் தேதி, கிளம்பும் துறைமுகம், கேபின் எண். மாதமும் நாளும் அமெரிக்க முறையில் இடம் மாறி இருக்கும்: 05/02 என்றால் மே 2. இதைப் பிப்ரவரி 5 என்று படித்துவிட்டு விமான டிக்கெட் எடுப்பது நடக்கிற தப்புதான்.

பிறகு தொகைகள். கட்டணம் ஒரு வரியில், வரியும் துறைமுகக் கட்டணமும் அடுத்த வரியில், டிப்ஸ் தனி வரியில் இருக்க வேண்டும். டிப்ஸ் முன்கூட்டியே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் என்றால் இரண்டு பேருக்கு ஏழு நாளுக்கு 252 டாலர். இது சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பது தெரியாமல் இரண்டு விலைகளை ஒப்பிடவே முடியாது. பயணக் காப்பீடு கேட்காமலே சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், வேறு நாட்டவருக்கான காப்பீடு உங்களுக்கு உதவாமல் போகலாம்.

வாய்வார்த்தையாகச் சொன்ன ஆன்போர்டு கிரெடிட் தாளில் அச்சாகி இருக்க வேண்டும். அச்சில் இல்லாதது அடுத்த கப்பலில் கிடைக்காது. அது திரும்பப் பெறக்கூடியதா இல்லையா என்பதும் முக்கியம். திரும்பப் பெற முடியாத வகை, கடைசி ராத்திரிக்குள் செலவழிக்காவிட்டால் காலாவதி. காசினோவில் பெரும்பாலும் செல்லாது. சைவச் சாப்பாடு, ஜெயின் சாப்பாடு, சேர்ந்து உட்கார வேண்டிய இன்னொரு குடும்பத்தின் புக்கிங் நம்பர் இவற்றையும் இப்போதே குறிப்பில் ஏற்றச் சொல்லலாம்.

இறங்காமலே அடுத்த பயணம்

இதே கப்பலில் அடுத்த வாரமும் தொடர வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். காலியிடம் இருந்தால் கிடைக்கும். ஒரே கேபினாக அமைந்தால் பெட்டிகூடக் கட்ட வேண்டாம்; திரும்பும் நாளில் குடிநுழைவுச் சோதனைக்கு மட்டும் இறங்கி ஏறினால் போதும். விசாவில் இன்னொரு நுழைவு பாக்கி இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் துறைமுகங்களில் இதற்கு ஒரு பழைய சட்டம் குறுக்கே நிற்கிறது. 1886-இல் வந்த பயணிகள் கப்பல் சேவைச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறியவரை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட வேண்டுமானால், வழியில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருக்க வேண்டும். கனடா, மெக்சிகோ, கரீபியத் தீவுகள் தொலைதூரக் கணக்கில் வராது. அரூபா, பொனேர், குரசாவ் மூன்றும் வரும். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வான்கூவர் வரை ஒரு பயணம், அதே கப்பலில் வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் வரை அடுத்த பயணம் என்று எடுத்தால், தனித்தனியாக இரண்டும் சரி. சேர்த்தால் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறி விட்டியரில் இறங்கியதாகிவிடும். அபராதம் ஆளுக்கு 900 டாலருக்கு மேல், கப்பல் நிறுவனம் அதைப் பயணியின் தலையில்தான் கட்டும். இரண்டாவது பயணத்தை வேறு கப்பலில் எடுத்தால் இந்தச் சிக்கல் கிடையாது. சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் அலாஸ்காக் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பதும் இதே சட்டத்தின் வேலைதான்; ஏறிய துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்துக்குப் பக்கத்து வெளிநாட்டுத் துறைமுகமே போதும். அந்தச் சில மணி நேரத்துக்காக இந்திய பாஸ்போர்ட்காரர்கள் கனடா விசாவையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஊருக்கு வந்த பிறகு

முதல் வாரத்திலேயே நிறுவனத்தின் இணையதளத்தில் நுழைந்து புக்கிங் தெரிகிறதா, கிரெடிட் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் தாளைப் படம் எடுத்து உடனே எழுதுங்கள். கப்பல் பணியாளர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும் முன் சரிசெய்வது எளிது.

அதன் பிறகு விலையை வாரம் ஒரு முறை பார்த்து வாருங்கள். முழுப் பணம் கட்டும் நாளுக்கு முன் விலை இறங்கினால் பல நாடுகளின் புக்கிங்கில் புதிய விலைக்கு மாற்றித் தருவார்கள். மாற்றச் சொல்லும் முன் ஒரு கேள்வி: கப்பலில் கொடுத்த கிரெடிட் அப்படியே நிற்குமா? விலை 120 டாலர் இறங்கியது என்று மகிழ்ந்து மாற்றிய கையோடு 100 டாலர் கிரெடிட் கழன்றுவிட்டால் கையில் மிஞ்சுவது 20 டாலர். புதிய விலைக்கு உரிய சலுகையில் பானப் பேக்கேஜோ டிப்ஸோ விட்டுப்போயிருந்தால் அதுவும் இல்லை. ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடலாமே என்ற யோசனை வரும். வேண்டாம். ரத்து செய்த நொடியில் கப்பலில் கிடைத்த சலுகை போய்விடும், நடந்து பார்த்து எடுத்த கேபின் வேறு யாருக்கோ போகும்.

கடைசியாக முழுப் பணம் கட்டும் நாள். ராயல் கரீபியனின் அமெரிக்கப் புக்கிங்குகளில் நான்கு இரவு வரை 75 நாள் முன்பு, ஐந்து இரவும் அதற்கு மேலும் 90 நாள் முன்பு. 2027 மே 2 அன்று கிளம்பும் ஏழு இரவுப் பயணத்துக்கு அது பிப்ரவரி 1. போன் காலண்டரில் இரண்டு நினைவூட்டல் போடுங்கள். ஒன்று 15 நாள் முன்பு: போகிறோமா இல்லையா, விசா நிலவரம் என்ன என்று வீட்டில் பேசி முடிவெடுக்க. இன்னொன்று 3 நாள் முன்பு: கார்டில் வரம்பு இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்ட. நிறுவனத்தின் தலைமையகம் உள்ள மியாமி நேரப்படி நள்ளிரவுக் கெடு என்றால் நமக்கு மறுநாள் காலை வரை நேரம் இருப்பது போலத் தோன்றும். அதை நம்பாதீர்கள், உங்கள் புக்கிங் எந்த நாட்டு அலுவலகத்தின் கணக்கில் இருக்கிறதோ அந்த நேரம்தான் பொருந்தும். கெடு தாண்டினால் கணினி கேபினைத் தானாக விடுவித்துவிடும், அதற்கு முன் தொலைபேசி அழைப்பு வரும் என்று உத்தரவாதம் இல்லை. ரத்து செய்வதாக இருந்தாலும் அந்த நாளுக்கு முந்தைய நாளே செய்து, ரத்து எண்ணை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.